சுண்ணக்கோடும் மறவாத கண்ணும்

நம்மிடம் முன்னொரு காலத்தில் ஓதிச் சென்று, இப்போது இங்கிலாந்தின் ஒரு சிறு நகரில் குடும்பத்துடன் வாழும் மாணவர் ஒருவர் அண்மையில் நீண்டதொரு மடல் விடுத்திருந்தார். ஸலாமும் நலவிசாரிப்பும் முடிந்தபின், மடலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வினாவை வைத்திருந்தார். தொழுகை, நோன்பு, ஜகாத், பாகப்பிரிவினை என்று எத்தனையோ வினாக்களுக்கு விடை எழுதிப் பழகியவர்கள்தாம் நாம். எனினும் இப்படியொரு வினா இதுவரை நம் மேசைக்கு வந்ததில்லை.

அவருடைய ஊரில் ஓர் அங்காடி வளாகம் இருக்கிறது. அதன் முற்றத்தில் வண்டிகளை இரண்டு மணி நேரம் கட்டணமின்றி நிறுத்தலாம். அதற்கு மேல் நின்றால் அபராதம். வாயிலில் காவலர் எவருமில்லை. கம்பத்தின் உச்சியில் ஒரு காமிரா மட்டும் இருக்கிறது. ஒரு நாள் காலை 9 மணிக்கு ரொட்டியும் பாலும் வாங்கச் சென்றவர் இருபது நிமிடத்தில் வீடு திரும்பிவிட்டார். அன்று மாலை 6 மணிக்கு மனைவிக்கு மருந்து வாங்க மறுபடியும் அங்கே போய், அரை மணியில் மீண்டார். பத்து நாள் கழித்து அஞ்சலில் ஒரு தாள் வந்தது. காலையில் அவருடைய கார் உள்ளே நுழையும் படமும், மாலையில் வெளியேறும் படமும் அதில் அச்சாகியிருந்தன. ஒன்பதரை மணி நேரம் வண்டியை நிறுத்தியிருந்தீர், ஆகவே அபராதம் செலுத்துக என்பது செய்தி. நடுவில் அவர் போனதையும் வந்ததையும் அந்தக் கண் தவறவிட்டிருந்தது. முதல் வருகையையும் கடைசிப் போக்கையும் ஒன்றாக முடிந்துவிட்டது. இந்தப் பிழை அந்நாட்டில் பலருக்கும் நேர்ந்திருப்பதாகவே அறிகிறோம்.

மாணவர் எழுதுகிறார்: "ஹஜ்ரத், பணம் பெரிதன்று. கடைச் சீட்டுகள் கையில் இருக்கின்றன; முறையிட்டு இதை நீக்கிக்கொள்வேன். என் மனத்தை உறுத்துவது வேறு. நான் குற்றமேதும் செய்யாத நாட்களிலும் அந்தக் கண் என் வண்டியின் எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டுதானே இருக்கிறது? இது கடைவீதியில் படிக்கல்லைச் சரிபார்க்கும் முஹ்தஸிபின் கண்ணா? அல்லது மார்க்கம் விலக்கிய உளவுக் கண்ணா?"

நாம் ஃபத்வா கொடுக்கும் பீடத்தில் அமர்ந்தவரல்லர். ஆயினும் வினா நம்மை விடவில்லை. சில நாட்கள் அதைச் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில், வண்டி நிறுத்துவதற்குக் காலவரம்பு விதிப்பது முறையா என்று பார்ப்போம். இதில் நமக்கு ஐயமில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலாக நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'மின்ஹாஜ்' என்னும் நூலில், தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தில், தெருவின் பயன் யாது என்ற ஆராய்ச்சி வருகிறது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் யாத்த நூல் அது. தெருவின் பயன் போக்குவரத்தே. ஆயினும் இளைப்பாறவும் வாணிபம் செய்யவும் அதன் ஓரத்தில் அமரலாம், நடப்போருக்கு நெருக்கடி ஏற்படுத்தாதவரையில் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. அடுத்து வருவது இன்னும் நுட்பமானது. தெருவோரத்தில் கடைவிரித்தவர் திரும்பிவரும் எண்ணத்துடன் எழுந்து சென்றால் அவ்விடத்தின் மேல் அவருக்குள்ள உரிமை அழியாது. ஆனால் வாடிக்கையாளர்கள் அவரை மறந்து வேறொருவரை நாடத் தொடங்கும் அளவுக்கு நெடுநாள் வராதிருந்தால் அவ்வுரிமை போய்விடும். பொது இடத்தின் மேல் தனி மனிதனுக்குள்ள உரிமை காலத்தால் அளக்கப்படுவது என்பதை நம் முன்னோர்கள், மோட்டார் வண்டி பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 1935 ஜூலை 16ஆம் நாள் உலகின் முதல் நிறுத்துமிட மீட்டர் நாட்டப்பட்டதும் இதே நியாயத்தின் மேல்தான். கடைவீதியில் வேலை செய்வோர் காலையிலேயே வந்து வண்டிகளை நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுத்துச் சென்றனர், பொருள் வாங்க வருவோருக்கு இடமில்லை, வணிகர்கள் முறையிட்டனர். காசு போட்டால் ஒரு மணி நேரம் ஓடும் கருவியைக் கார்ல் மகீ என்ற பத்திரிகையாளர் முன்னின்று கொண்டுவந்தார். அதற்கு அடுத்த மாதமே அபராதச் சீட்டுப் பெற்று வழக்குமன்றம் ஏறிய முதல் மனிதர் ஒரு கிறிஸ்தவ போதகர். மீட்டரில் போடச் சில்லறை மாற்றுவதற்காகக் கடைக்குள் போயிருந்தேன் என்றார் அவர். வழக்கு தள்ளுபடியாயிற்று. இந்தச் சிறு நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இயந்திரத்திடம் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்பதற்கு அன்று ஒரு மனிதர் இருந்தார்.

காசு வாங்காமல் காலவரம்பு மட்டும் விதித்த ஊர்களில் கண்காணிப்பு இன்னும் எளிமையாக இருந்தது. காவலர் கையில் ஒரு சுண்ணக்கட்டியுடன் தெருவழியே நடப்பார். நிற்கும் வண்டிகளின் சக்கரத்தில் ஒரு கோடு இழுப்பார். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் வருவார். கோடு இருந்த இடத்திலேயே இருந்தால் வண்டி நகரவில்லை என்று பொருள், சீட்டுக் கிழிப்பார். வண்டி நகர்ந்திருந்தால் கோடு சக்கரத்தோடு சுழன்று தேய்ந்து போகும், மழை பெய்தால் கரைந்து போகும். இதில் வஞ்சனை இல்லை; ரகசியமும் இல்லை.

இன்று அந்த வேலையைச் செய்வது காமிரா. இதன் மூலக்கருவி 1976இல் பிரிட்டிஷ் போலீஸ் துறையின் அறிவியல் ஆய்வுப் பிரிவில் உருவாயிற்று. திருடப்பட்ட ஒரு காரை அது காட்டிக்கொடுத்து 1981இல் முதல் கைது நிகழ்ந்தது. காமிரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கிறது. கணிப்பொறி அப்படத்திலிருந்து எழுத்துகளையும் எண்களையும் பிரித்தறிகிறது. நேரத்தோடு சேர்த்துக் குறித்து வைக்கிறது. நுழைவாயிலில் ஒரு முறை, வெளிவாயிலில் ஒரு முறை. பிறகு வெறும் கழித்தல் கணக்கு. வாயில் இல்லாத தெருவாக இருந்தால், காமிரா பொருத்திய வண்டியொன்று நிற்கும் கார்களின் வரிசையைப் படித்துக்கொண்டே போகும். வரம்புக் காலம் கடந்தபின் மறுபடியும் வரும். சக்கரத்தில் காற்றடிக்கும் முனை எந்தத் திசையில் இருந்தது என்பதைக்கூடச் சில கருவிகள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன, சற்றே நகர்த்திவிட்டு அதே இடத்தில் நிறுத்துவோரைப் பிடிப்பதற்காக!

இதில் ஒரு நன்மை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. சுண்ணக்கட்டி பிடித்த கைக்குச் சொந்தக்காரன் உண்டு, பகைவன் உண்டு, கையூட்டு உண்டு. ஊர்ப் பெரிய மனிதரின் வண்டிச் சக்கரத்தில் கோடு விழாமலே போவதும் உண்டு. காமிராவுக்கு முகதாட்சண்யம் கிடையாது. பாரபட்சமின்மை நீதியின் பாதியென்றால், அந்தப் பாதியை இயந்திரம் மனிதனைவிட நன்றாகவே செய்கிறது.

வழக்குமன்றங்களும் காலவரம்பின் பக்கமே நின்றிருக்கின்றன. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துச் செம்ஸ்ஃபோர்டு நகரில், இதே போன்ற அங்காடி முற்றத்தில், 2013ஆம் ஆண்டில் ஒருவர் இரண்டு மணி நேர வரம்பைக் கடந்து மேலும் 56 நிமிடம் வண்டியை நிறுத்தினார். 85 பவுண்டு கேட்டது அவ்விடத்தை நிர்வகித்த தனியார் நிறுவனம். வழக்கு உச்சநீதிமன்றம்வரை ஏறிற்று. 2015 நவம்பரில், அடுத்து வருவோருக்கு இடம் கிடைக்கச் செய்வது நியாயமான நோக்கமே, அதற்கு இத்தொகை மிகையன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒரே ஒரு நீதிபதி மாறுபட்டார். தொகை பெரிதா சிறிதா என்பதில் நமக்கு வேறு எண்ணம் உண்டு. இரண்டு மணி நேரம் இலவசமாய் இருந்த இடத்துக்கு அடுத்த 56 நிமிடத்தின் விலை 85 பவுண்டு என்றால் எந்த ஏழையின் நெஞ்சும் பதைக்கும். ஆனால் கொள்கையளவில் அத்தீர்ப்பை நாம் மறுக்க இயலாது. அடுத்தவனின் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவன் அடுத்தவனின் உரிமையைப் பிடித்து வைத்திருக்கிறான்.

அப்படியானால் நம் மாணவரின் மனத்தை உறுத்தியது எது?

இங்கே அமெரிக்காவில் நடந்த வேறொரு வழக்கு நமக்கு வழிகாட்டுகிறது. மிச்சிகன் மாநிலத்துச் சாகினா நகரில் ஒரு பெண்மணி மூன்றாண்டுகளில் 15 அபராதச் சீட்டுகள் பெற்றார். எல்லாம் சுண்ணக்கோட்டின் கொடை. தம் சக்கரத்தைத் தொட்டுக் கோடிட்டதே, அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் தடைசெய்யும் 'முறையற்ற சோதனை' என்று அவர் வழக்கிட்டார். கேட்போர் சிரித்திருப்பார்கள். ஆனால் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு மன்றம் 2019 ஏப்ரலில், அது சோதனைதான் என்று ஒப்புக்கொண்டது. பிறர் உடைமையைத் தொட்டு அதிலிருந்து ஒரு செய்தியைப் பெற முயன்றமையால் அது சோதனை என்பது மன்றத்தின் வாதம். மூன்றாண்டு கழித்து, கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரைப் பற்றிய வழக்கில் ஒன்பதாவது வட்டார மன்றம் இதற்கு மாறாகச் சுண்ணக்கோட்டை அனுமதித்துவிட்டது.

தொடுதல் என்ற சொல்லில் நம் சிந்தை சற்றே நின்றது. அரபு மொழியில் உளவறிதலுக்குத் 'தஜஸ்ஸுஸ்' என்று பெயர். ஸூரத்துல் ஹுஜுராத் அதனைத் தெளிவாக விலக்குகிறது. அச்சொல்லின் வேர் 'ஜஸ்ஸ'; கையால் தொட்டுப் பார்த்தல் என்பது அதன் பொருள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கும் அரபிகள் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். வெளியே தெரியாததை விரலால் துழாவி அறிவது என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்து உளவு என்றாயிற்று. அமெரிக்க நீதிபதிகள் அரபு இலக்கணம் அறிந்தவர்களல்லர். ஆயினும் அவர்கள் வந்து நின்றது அதே வாசலில்.

ஆனால் விந்தையைப் பாருங்கள்! தொட்ட சுண்ணக்கட்டி குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று. தொடாத காமிரா வெளியே நிற்கிறது. வழக்குக்கு அஞ்சிச் சில நகரங்கள் சுண்ணக்கட்டியை விட்டுக் காமிராவுக்கு மாறவும் செய்தன. சுண்ணக்கட்டி அறிந்தது என்ன? இந்தச் சக்கரம் நகர்ந்ததா இல்லையா என்ற ஒன்றே ஒன்று. வண்டி யாருடையது என்று அது அறியாது. நேற்று அது எங்கே நின்றதென்று கேட்டால் விழிக்கும். காமிராவோ எண்ணை அறிகிறது. எண்ணின் வழியே பெயரையும் முகவரியையும் அறிய முடிகிறது. பிரிட்டனில் வாகனப் பதிவு அலுவலகம் இவ்விவரங்களைத் தனியார் நிறுத்துமிட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் ஒன்றுக்கு 2 பவுண்டு 50 பென்ஸ் என்ற கட்டணத்தில் கொடுத்துவருகிறது. தொடுதலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நாம் கோலை வைத்துக் கடலை அளந்தவர்களாவோம்.

எனவே வேறு அளவுகோல் வேண்டும். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் எடுத்துக்காட்டும் ஒரு செய்தி நம் ஆலிம்கள் பலமுறை சொல்லக் கேட்டதுதான். இரவில் ஒரு வீட்டுச் சுவரேறிக் குதித்து, உள்ளே தவறு செய்துகொண்டிருந்தவரைக் கலீஃபா கண்டிக்கிறார். அம்மனிதரோ, நான் ஒரு குற்றம் செய்தேன், தாங்கள் மூன்று செய்தீர்கள்; உளவு பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, ஸலாம் சொல்லவில்லை என்கிறார். கலீஃபா அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். இந்நிகழ்ச்சியை வைத்து இமாம் அவர்கள் வகுக்கும் எல்லை தெளிவானது. முஹ்தஸிப் தடுக்க வேண்டியது வெளிப்படையாகத் தெரியும் தீமையை. மூடிய கதவில் காது வைப்பதும், சட்டைக்குள் மறைந்திருப்பது என்னவென்று மோப்பம் பிடிப்பதும் அவர் பணியன்று.

இந்த எல்லைக்கோட்டில் நம் வினாவை நிறுத்திப் பார்க்கிறோம். பொதுத்தெருவில் வரம்பு கடந்து நிற்கும் வண்டி வெளிப்படையானது. அதைக் கண்ணுறுவதும் குறித்துக்கொள்வதும் தஜஸ்ஸுஸ் ஆகாது, குறிப்பவர் மனிதராயினும் இயந்திரமாயினும். ஆனால் வரம்புக்குள் வந்து, வரம்புக்குள் போய்விட்ட வண்டி? அதன் எண்ணை அரை மணி நேரம் நினைவில் வைத்தே தீரவேண்டும். இல்லையேல் கழித்தல் கணக்குப் போட முடியாது. வண்டி போனபின் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த எண் ஏன் பேரேட்டில் இருக்கிறது? நம் கருத்தில், காவல் உளவாக மாறும் இடம் இதுவே. பார்த்ததில் பிழையில்லை, முடிந்த கணக்கைக் கிழிக்காமல் வைத்திருப்பதில்தான் பிழை தொடங்குகிறது. சுண்ணக்கோட்டின் பெருமை அது கண்டுபிடித்ததில் இல்லை, அழிந்து போனதில் இருக்கிறது.

இது நடவாத காரியம் என்று எவரும் சொல்லற்க. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், தேடப்படும் பட்டியலில் இல்லாத வண்டியின் எண்ணைப் போலீசாரின் காமிரா மூன்றே நிமிடத்தில் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. பிரிட்டனின் போலீஸ் துறையிலோ நாள்தோறும் 5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்து சேர்கின்றன. ஓராண்டு வரை அவை காக்கப்படுகின்றன. இயந்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான். மறக்கக் கற்றுக்கொடுப்பதும் கொடுக்காததும் மனிதர்கள்.

குற்றமற்றவன் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்போர் உண்டு. படித்தவர்களே இதைக் கேட்பது நமக்கு வியப்பளிக்கிறது. வீட்டு வாசலில் திரை தொங்கவிடுவது உள்ளே களவு நடப்பதனாலா? ஒருவன் கடன் கேட்கப் போகிறான். தன் நோயைத் தாயிடம் மறைத்து மருத்துவமனைக்குப் போகிறான். மனம் முறிந்த மகளின் வாழ்வு பற்றிப் பேச வக்கீலிடம் போகிறான். அவன் வண்டி எந்தத் தெருவில் எத்தனை நேரம் நின்றது என்பதில் அவன் துயரம் முழுவதும் எழுதியிருக்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுக்கும் தர்மத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போற்றியிருக்கிறார்கள். விதவையின் வீட்டு வாசலில் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் வண்டியை நிறுத்துபவன் ஒளித்து வைக்க விரும்புவது பாவமன்று, நன்மை. நன்மைக்கும் நிழல் வேண்டும்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ராய்ஸ்டன் என்ற சிற்றூரைச் சுற்றி ஏழு காமிராக்களைப் போலீசார் அமைத்தனர். ஊருக்குள் வரும் வழியிலும் போகும் வழியிலும் எண் பதிவாகாமல் எந்த வண்டியும் செல்ல இயலாது. தகவல் பாதுகாப்புக்கான ஆணையர் அலுவலகம் 2013 ஜூலையில் இது சட்டத்துக்குப் புறம்பானது, தேவைக்கு மிஞ்சியது என்று முடிவு கூறியது. ஓர் ஊரே குற்றவாளி அன்று என்பதைச் சொல்ல ஓர் அரசாங்க ஆணை வேண்டியிருந்தது!

பர்மிங்ஹாம் நகரின் கதை நம் நெஞ்சை இன்னும் அண்மையில் தொடுவது. ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் என்ற பகுதிகளில் முஸ்லிம் குடும்பங்கள் திரளாக வாழ்கின்றன. 2010ஆம் ஆண்டில் அப்பகுதிகளைச் சுற்றி 218 காமிராக்கள் எழுந்தன. அவற்றில் 72 மறைவானவை. பெரும்பாலானவை நம்பர் பிளேட்டைப் படிக்கும் வகையைச் சேர்ந்தவை. வாகனத் திருட்டையும் தெருக்குற்றங்களையும் தடுக்கவே இவை என்று குடியிருப்போரிடம் சொல்லப்பட்டது. யார்தாம் வேண்டாம் என்பார்? பின்னர், இதற்கான சுமார் 30 லட்சம் பவுண்டு பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது என்ற உண்மையைப் பத்திரிகை வெளியிட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். இயங்கத் தொடங்குமுன்பே காமிராக்களின் மேல் பைகளைக் கட்டி மூடினார்கள். தலைமைப் போலீஸ் அதிகாரி மன்னிப்புக் கோரினார். மறு ஆண்டு கம்பங்கள் கழற்றப்பட்டன.

அதைப் படித்தபோது நமக்குக் காமிராக்களைவிட அந்தப் பொய்தான் உறைத்தது. காரணத்தை மெய்யாகச் சொல்லியிருந்தால் மக்கள் எதிர்த்திருக்கலாம், இணங்கியும் இருக்கலாம். சொல்லும் உரிமையாவது அவர்களிடம் இருந்திருக்கும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றுக்காகப் பார்க்கும் கண், எவ்வளவு உயர்ந்த காரணத்துக்காகப் பார்த்தாலும், பார்க்கப்படுபவனை மனிதனாக மதிக்கவில்லை. வண்டி நிறுத்தும் காமிரா இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஆகுமா என்று எண்ண வேண்டாம். வரம்பு கடந்தோரைப் பிடிக்கச் சேர்த்த பேரேடு, நாளை எதற்கு வேண்டுமானாலும் புரட்டப்படலாம். ஏடு ஒன்றுதான், புரட்டும் கைகள் மாறும்.

இங்கிலாந்தின் சட்டமே இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. நகராட்சிகள் பொதுத்தெருவில் வண்டி நிறுத்தியோருக்குக் காமிராப் படத்தை வைத்துக்கொண்டு அஞ்சலில் அபராதம் அனுப்புவதை 2015 ஏப்ரலில் தடை செய்தார்கள். பள்ளிவாயில், பேருந்து நிற்குமிடம், பேருந்துப் பாதை போன்றவை மட்டுமே விலக்கு. மற்ற இடங்களில் ஒரு மனிதர் நேரில் வந்து, கண்டு, சீட்டை வண்டியில் வைக்க வேண்டும். அதே ஆண்டில், நேரம் முடிந்தபின் மேலும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆனால் தனியார் நிலத்தில் காமிராவின் ஆட்சி அப்படியே இருக்கிறது. நம் மாணவர் அகப்பட்டது அங்கேதான்.

அந்தப் பத்து நிமிடத்தைப் படித்தபோது, தபரானியில் வரும் ஓர் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. அடியான் பாவம் செய்தால், இடப்பக்கத்து மலக்கு உடனே எழுதிவிடாமல், அவன் வருந்தி மீளக்கூடும் என்று ஆறு மணி நேரம் எழுதுகோலை உயர்த்தி வைத்திருப்பார் என்கிறது அது. எல்லாவற்றையும் காணும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறோம் என்று நம்புகிறவர்கள் நாம். ஆகவே பார்க்கப்படுவதே நமக்கு இழிவு என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் அந்த ஏட்டை எழுதுவோர் கை தாழ்த்தும் முன் காத்திருக்கிறார்கள், வருந்தினால் அழிக்கப்படுகிறது. மனிதன் செய்த கண்ணுக்குக் காணும் ஆற்றல் மட்டும் கொடுக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் மாணவருக்குச் சுருக்கி எழுதினோம். "தம்பி, காலவரம்பைப் பேணுங்கள், அது பிறர் உரிமை. முறையிடும்போது அபராதத்தை நீக்கச் சொல்வதோடு நிற்காமல், அந்த இரண்டு படங்களும் எத்தனை நாள் அவர்களிடம் இருக்கும், வேறு யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். கேட்பதற்கு அந்நாட்டுச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது" என்று குறிப்பிட்டோம்.

சென்ற வாரம் மறுமடல் வந்தது. கடைச் சீட்டுகளைக் கண்டபின் அபராதத்தை நீக்கிவிட்டார்களாம். வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் எழுதியிருந்தார்களாம். இரண்டாவது கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. மீண்டும் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்.